தூங்கிப்போகும் பாதுகாப்புச் செயலிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெண்களுக்கான பாதுகாப்புச் செயலிகள் பற்றிய தங்கள் கட்டுரை, எவற்றைத் தரவிறக்கலாம் என்று விரிவாகச் சொன்னது. ஆறு மாதம் கழித்து அவை வேலை செய்யுமா என்பதைத் தொடவே இல்லை. பல போன்களில் செய்யாது.

பாதுகாப்புச் செயலியை யாரும் தினமும் திறப்பதில்லை. சிக்கலே அதுதான். சில மாதங்கள் திறக்காமல் கிடக்கும் செயலிக்கு நாம் கொடுத்த அனுமதிகளை ஆண்ட்ராய்டு 11 முதலான போன்கள் தாமாகவே பறித்துக்கொள்கின்றன. லொகேஷன், எஸ்எம்எஸ் அனுமதிகள் பறிபோனபின் அவசர பட்டனை அழுத்தி என்ன பயன்? போதாததற்கு, பேட்டரியை மிச்சம்பிடிக்கப் பின்னணியில் ஓடுவதையும் போன் நிறுத்திவிடும். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அந்தச் செயலியைத் திறந்து, பேட்டரியை ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்றும் லொகேஷனை ‘அலவ் ஆல் தி டைம்’ என்றும் மாற்ற வேண்டும். பயன்படுத்தாத செயலியை முடக்கும் சுவிட்ச் அதே பக்கத்தில் கீழே இருக்கும். அதை அணைத்துவிட வேண்டும். சில போன்களில் ‘ஆட்டோ ஸ்டார்ட்’ என்று தனியாக ஒன்று உண்டு. அதை இயக்காவிட்டால், போனை அணைத்துப் போட்டபின் செயலி எழாது.

என்னைக் கேட்டால், போனிலேயே இருக்கும் வசதியைத்தான் முதலில் அமைக்கச் சொல்வேன். ஆண்ட்ராய்டு 12-க்குப் பிந்தைய பல போன்களில் பவர் பட்டனை வேகமாக ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும். ஐபோனில் பக்கவாட்டு பட்டனையும் வால்யூம் பட்டன் ஒன்றையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஐபோன்காரர்கள் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: ஹெல்த் செயலியில் மெடிக்கல் ஐடி என்ற மருத்துவ விவரப் பக்கத்தில் எமர்ஜென்சி கான்டாக்ட் சேர்க்காவிட்டால், அழைப்பு போகும், வீட்டாருக்குச் செய்தி போகாது. அழைக்குமுன் எழும் அலார ஒலியையும் யோசித்து வையுங்கள். கூட்டத்தில் அது உதவும், ஒளிந்திருக்கும்போது காட்டிக்கொடுக்கும். இரு வகைப் போன்களிலும் அதை அணைக்கலாம்.

வாட்ஸ்அப் லைவ் லொகேஷனை 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று பகிரலாம். ஆனால் டேட்டா வேண்டும். சிக்னல் மெலிந்த இடத்தில் எஸ்எம்எஸ்தான் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் தடுமாறி அடுத்த கட்டடத்தைக் காட்டலாம். முடிந்தால் மாடி, வாசல், பக்கத்துக் கடை என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

பெறுபவரின் போனைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. இரவில் ஒலிகளை அடக்கும் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போட்டுத் தூங்குபவருக்கு எச்சரிக்கை கேட்காமலே போகலாம். ஆண்ட்ராய்டில் கான்டாக்ட்ஸில் உங்கள் எண்ணை ஸ்டார் செய்து, ஸ்டார் செய்தவர்களின் அழைப்பும் செய்தியும் ஒலிக்க அனுமதி கொடுக்கச் சொல்லுங்கள். ஐபோனில் உங்கள் எண்ணின் ரிங்டோன், டெக்ஸ்ட் டோன் இரண்டிலும் ‘எமர்ஜென்சி பைபாஸ்’ இயக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை செயலியைத் திறந்து, வீட்டார் எண்ணுக்கு மட்டும் சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள். சோதிக்கிறேன் என்று காவல் துறை எண்ணை அழைத்துவிட வேண்டாம். அப்படியே கூகுள் மேப்ஸின் லொகேஷன் ஷேரிங் பக்கத்தையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. என்றோ ஒருவருக்குக் கொடுத்த அனுமதி, உறவு முறிந்தபின்னும் அங்கே ஓடிக்கொண்டிருக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்