கள்ளக்கடல் செய்தியில் விநாடியையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குளச்சல் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஒலிப் பாடம் நடத்தும்போது, உங்கள் நாளிதழில் வந்த கள்ளக்கடல் (காற்றில்லாமலே திடீரென்று கடல் ஏறுவது) எச்சரிக்கையை வாசித்துக் காட்டினேன். அதிர்வெண், அலைநீளம் என்றதும் கொட்டாவி விடும் கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தது. "காத்தே இல்லாம கடல் ஏறினா எங்கப்பா வள்ளத்த மேட்டுக்கு இழுத்துருவாவ டீச்சர்" என்றான் ஒருவன். சரி, காற்றில்லாமல் அலை எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். பதில் இல்லை.

உலக உருண்டையை எடுத்து வைத்தேன். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 45 டிகிரி பக்கம் அடிக்கும் புயல் கிளப்பிவிடும் அலைகள்தான் நம் கரைக்கு வருகின்றன. கடல் எச்சரிக்கை தரும் ஹைதராபாத் இன்காய்ஸ் மையத்தின் அறிவிப்பை செல்போனில் பார்த்தபோது, அலைக்கும் அலைக்கும் இடைவெளி 18 விநாடி என்று இருந்தது. ஆழ்கடலில் அந்த அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 50 கி.மீ. நகரும். நாம் 8 டிகிரி வடக்கில் இருக்கிறோம். ஆக 53 டிகிரி தூரம், டிகிரிக்கு 111 கி.மீ. ஒரு மாணவி பலகையில் பெருக்கி வகுத்து, ஏறக்குறைய 118 மணி நேரம் என்றாள். ஐந்து நாள்! அன்று மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

உங்கள் செய்தியில் அலையின் உயரம் மட்டும்தான் இருந்தது. ஆடி மாதக் கடலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஒரு மீட்டர் என்றால் சிரிக்கிறார்கள். ஆனால் அதே உயரத்தில் இடைவெளி கூடக் கூட, ஒவ்வோர் அலையும் கரையில் ஏற்றும் தண்ணீர் அதிகம். 2024 மே 6-ஆம் தேதி நம் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். அப்போதும் கள்ளக்கடல் எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது.

மறுநாள் அந்தப் பையன், "அந்த செகண்ட் கணக்கு எந்தப் பேப்பர்ல வரும்னு அப்பா கேட்டாவ" என்று வந்து நின்றான்.

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர்மட்டத்தைத் தினமும் அடிக்கணக்கில் போடுகிறீர்களே, எச்சரிக்கை உள்ள நாட்களில் அதற்குக் கீழே ஒரு வரி போதும்: அலை உயரம், இடைவெளி விநாடி, புயல் கிளம்பிய இடம். நாள் கணக்கை என் பிள்ளைகள் போட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை,
குளச்சல்.