நாலரை மணிக்கு மேல்தான் அது உறைவிடப் பள்ளி

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைப்பகுதிப் பிள்ளைகள் எட்டாவது, பத்தாவதோடு படிப்பை விட்டுவிடுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கட்டடம், கழிப்பறை, காலிப் பணியிடம் என்று அதில் சொல்லியிருப்பதெல்லாம் சரி. ஆனால் கட்டுரை பகலோடு நின்றுவிட்டது. உண்டு உறைவிடப் பள்ளியில் 'உறைவிடம்' தொடங்குவதே சாயங்காலம் நாலரை மணிக்கு மேல்தான். அந்த நேரத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் கணிதத்தில் பி.எட். முடித்தவள். ஊர் ராசிபுரம் பக்கம். இரண்டாம் ஆண்டுப் பயிற்சியைக் கொல்லிமலையில் ஒரு அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் செய்தேன். பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை. அங்கே இருப்பவர்கள் தங்களால் முடிந்ததற்கு மேலேயே செய்கிறார்கள். அவர்களுக்கு என்னால் சங்கடம் வரக் கூடாது.

2015-16 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும்: முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. எங்கள் வகுப்பில் அநேகமாக எல்லோருமே வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய பள்ளியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவர்களைத் தப்பு சொல்ல முடியாது. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் படிக்க வந்தவர்கள் உண்டு. நானும் என் தோழியும் மலைக்குப் போனதற்குக் காரணம், அவளுடைய பெரியம்மா வீடு மலைமேல் செம்மேட்டில் இருந்ததுதான். மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, நவம்பர் கடைசியில் போய்ச் சேர்ந்தோம்.

முதல் இரண்டு வாரம் நாங்களும் பகல் டீச்சர்கள்தான். லெசன் பிளான், டீச்சிங் எய்ட், கைடு டீச்சரின் கையெழுத்து, நாலரைக்கு மணி, அப்புறம் பஸ். மூன்றாம் வாரம் ஒருநாள் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டோம். விடுதிப் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் தன்னோடு தங்கிக்கொள்ளச் சொன்னார். அந்த இரவுக்குப் பிறகு பெரியம்மா வீட்டிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

அந்த இரவில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். விடுதிப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு தகரப் பெட்டி. அதன் சாவி கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கும். படுக்கப் போகும் நேரத்தில் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பெட்டியைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடிப் பூட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் திறந்தாள். என்னம்மா என்று கேட்டேன். உள்ளே ஒரு சோப்பு, ஒரு சீப்பு, துண்டில் சுற்றிய நான்கு மலைவாழைக் காய். "இந்தக் காய் பழுக்கறதுக்குள்ள வந்துடுறேன்"னு அம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பிள்ளை தினமும் இரவு காயின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் படுக்கிறது. ஐந்தாம் நாள் பழுத்துவிட்டது. அம்மா வந்தது எட்டாம் நாள். தோல் கறுத்துப்போன பழத்தை அதுவரை அவள் தின்னவும் இல்லை, யாருக்கும் தரவும் இல்லை. பகலில் என்னிடம் எண்கணிதம் படித்த பிள்ளைதான் அவள். வகுப்பில் எதையோ யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். என் குறிப்பேட்டில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தேன். அந்த வார்த்தையை அன்று இரவே அடித்தேன்.

பகலில் 'மிஸ்' என்று கூப்பிட்ட பிள்ளைகள் சாப்பாட்டுக்கூடத்தில் 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். யாருமே சொல்லிக்கொடுக்கவில்லை.

கொல்லிமலைக்காரர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். பேரைக் கேட்டதும் கேரளம் என்று நினைத்துவிடுகிறார்கள். அவர்கள் பேசுவது தமிழ். மலையை ஆள்வதால் மலையாளி என்று எனக்கு விளக்கம் சொன்னது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். எல்லோருமே விவசாயக் குடும்பம். சாமையும் கேழ்வரகும் விளைந்த காடுகளில் இப்போது நிறைய மரவள்ளி. கிழங்கு, கீழே சேலம், நாமக்கல் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்குப் போகிறது. வீட்டுக்குக் கொஞ்சம் காபி, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி. தை பிறந்ததும் மிளகு பறிப்பு. வகுப்பு காலியாவதும் அப்போதுதான். நான் எடுத்த எட்டாம் வகுப்பில் 27 பேர். ஜனவரி கடைசியில் ஒருநாள் 11 பேர் இல்லை. பதிவேட்டில் அது 'நீண்ட விடுப்பு'.

அப்படிப் போய் ஒன்பது நாள் கழித்து வந்த ஒரு பையன். வகுப்பில் வாயே திறக்க மாட்டான். 'வாழ்வியல் கணிதம்' பாடத்தில் லாப சதவீதம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைக்காரர் ஒருவர் குளிர்சாதனப் பெட்டியை இன்ன விலைக்கு வாங்கி இன்ன விலைக்கு விற்கிறார் என்று கணக்கு. அவனைக் கேட்டேன். எழுந்து நின்றான், தலையைக் குனிந்துகொண்டான். அன்று இரவு சாப்பிட்டு முடித்தபின் மிளகு என்ன ஆச்சு என்று சும்மா கேட்டேன். பேச ஆரம்பித்துவிட்டான். "பச்சையாவே கிலோ நூத்திமுப்பதுக்குக் கேக்குறாங்கக்கா. மூணு கிலோ பச்சை காஞ்சா ஒரு கிலோதான் வரும். மூணு கிலோவுக்கு முந்நூத்தித் தொண்ணூறு. காய வெச்சுக் குடுத்தா ஐந்நூறு. நூத்திப்பத்து மிச்சம். ஆனா நாலு நாள் நல்ல வெயில் வேணும், பனி இறங்கிட்டா பூசணம் பிடிச்சுடும்." சிமெண்ட் தரையில் கரித்துண்டால் 110 என்று எழுதி, கீழே 390 போட்டு, நூறால் பெருக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "இருபத்தெட்டு சொச்சம்" என்றான். அப்புறம், "இதுவா லாப சதவீதம்?" என்று கேட்டான்.

இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. அவனுக்குக் கணக்கு ஏற்கனவே தெரியும். அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு ஆள் அந்த நேரத்தில் அங்கே இருந்தது, அவ்வளவுதான். அந்த ஆள் இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதையும் பார்த்தேன். பறிப்பு முடிந்து வருகிற பிள்ளைக்கு இரண்டு பாடம் போயிருக்கும். கடைசி பெஞ்சில் போய் உட்காரும். அடுத்த பாடம் முந்தைய பாடத்தின் மேல் ஏறி நிற்கும். பத்து நாள் பொறுக்கும், பிறகு ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போனால் திங்கட்கிழமை வராது. மிளகு பறிக்கப் போனதால் படிப்பு நின்றது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் பார்த்தவரையில் போனதால் நிற்கவில்லை. திரும்பி வந்தபோது விட்டதைப் பிடிக்க வழி இல்லாததால்தான் நின்றது. கூலிக்கு ஆள் வைத்தால் அந்த வீடுகளில் மிளகில் ஒன்றும் மிஞ்சாது. பிள்ளைகள் போகத்தான் செய்வார்கள். விட்டதைப் பிடிக்க ஒரே நேரம் இரவு ஏழிலிருந்து எட்டரை. அந்த நேரத்தில் அங்கே ஒரு காவலாளி, சமையல் அம்மா, பகல் முழுவதும் பாடம் எடுத்துவிட்டு ரேஷன் கணக்கும் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு டீச்சர். அவரைப் போய் இன்னும் செய்யுங்கள் என்று யார் கேட்பது?

மாலை நேரத்தின் அருமை அரசுக்குத் தெரியாமல் இல்லை. கொரோனாவில் விட்டுப்போன படிப்பை மீட்க 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' கொண்டுவந்தார்கள். ஊர் ஊராகத் தன்னார்வலர்கள், மாதம் ஆயிரம் ரூபாய், மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். அதே ஏற்பாடு உறைவிடப் பள்ளிக்கு இன்னும் சுலபம். பிள்ளைகளைத் தேடிப் போக வேண்டாம், எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறார்கள். 2023-ல் அரசு விடுதிகளில் பள்ளி மாணவருக்கான உணவுப்படியை மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆக்கினார்கள். நல்ல காரியம். சாப்பாட்டுக்குப் பிறகான ஒன்றரை மணி நேரத்துக்கும் யாராவது இப்படிக் கணக்குப் போட வேண்டும்.

ஆள் எங்கே கிடைக்கும் என்றால், பி.எட். கல்லூரிகளில் கிடைக்கும். தமிழ்நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. விருப்பப்படுகிற பயிற்சி ஆசிரியர்களை, 16 வாரத்தில் நான்கு வாரமாவது அங்கே தங்கிச் செய்ய அனுப்பலாம். இரண்டு இரண்டு பேராக அனுப்ப வேண்டும். தனியாக ஒரு பெண்ணை அனுப்பினால் வீட்டில் விட மாட்டார்கள், விடவும் கூடாது. பூட்டுப் போட்ட ஒரு அறை, விடுதிச் சாப்பாடு, பஸ் காசு. முக்கியமாக, அந்த இரவு நேரத்தைப் பயிற்சி நேரமாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். என் பயிற்சி ரெக்கார்டில் பீரியட் வாரியாகக் கட்டம் போட்டு நான் எழுதிய பாடங்கள் எல்லாம் இருக்கின்றன. சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்த இரவுகளுக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு வருபவர்களைக் காலிப் பணியிடத்துக்கு ஒட்டுப்போடப் பயன்படுத்தக் கூடாது. நான் போனபோது அங்கே கணித ஆசிரியர் இல்லை. வந்த மறுநாளே மூன்று வகுப்பு என் கையில். பயிற்சி முடிந்து மார்ச் நடுவில் நான் இறங்கியபோது அந்த மூன்று வகுப்பும் பரீட்சைக்கு முன்னால் ஆள் இல்லாமல் நின்றன. பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் அது என்னை அறுத்தது. ஆசிரியரை நியமிக்க வேண்டியது அரசின் வேலை. பயிற்சிக்காரர் அந்த ஆசிரியரோடு கூட இருந்து, அவருக்கு ராத்திரியில் கொஞ்சம் மூச்சு விட நேரம் தர வேண்டியவர்.

ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமும் பழங்குடியினர் நலத்துறையும் உட்கார்ந்து பேசினால் முடிகிற விஷயம் இது. உங்கள் இதழ் இரு தரப்பிடமும் கேட்டு எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நானும் என் தோழியும் வருகிற ஜனவரியில் இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டு, சொந்தச் செலவில் மறுபடி மேலே போகிறோம். தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டோம், வாருங்கள் என்றார். மிளகுச் சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவக்கத் தொடங்குவது அப்போதுதான்.

இப்படிக்கு,
வாசகி, ராசிபுரம்