நாளை தடுப்பூசி நாள்

எல்லோருக்கும் வணக்கம். நாளை புதன்கிழமை, நம் துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடுகிறார்கள். 6, 10, 14 வாரக் குழந்தைகளையும், 9 மாதம் முடிந்தும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடாத பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். அட்டை முக்கியம்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் 12 வாரத்துக்குள் நர்ஸம்மாவிடம் சொல்லிப் பதிவு எண் வாங்கிவிடுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும், அப்புறம் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைத்தான் கேட்பார்கள். தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களுக்கும் இந்தப் பதிவு உண்டு. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

வீட்டுக்கே சர்க்கரை, பிரஷர் மாத்திரை வேண்டுவோரும் நர்ஸம்மாவிடமே பெயர் கொடுக்கலாம். சுமார் 5000 பேருக்கு ஒரே செவிலியர், ராத்திரியில் மாத்திரைக்காகப் போன் செய்யாதீர்கள். பிரசவ வலி என்றால் உடனே 108.