எத்தனை மணிக்கு அள்ளிய தண்ணீர்?

நகரத்து ஆற்றின் நீர்த் தரத்தைக் கண்காணிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

படித்துறையில் நீங்கள் நட்டுவைத்திருக்கும் பலகையை நான் தினமும் பார்க்கிறேன். 'நீரின் தரம்: திருப்தி' என்று பச்சை எழுத்தில் இருக்கிறது. அந்தப் பலகைக்குக் கீழே போன வாரம் விடிகாலையில் நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடல்.

மணி ஐந்தரை. ஆறு நன்றாக வற்றி, பாசி படிந்த கடைசி மூன்று படிகளும் வெளியே தெரிந்தன. சேற்றிலிருந்து அழுகிய முட்டை வாடை. இருக்கிற கொஞ்சத் தண்ணீரில் மடவை மீன்கள் கூட்டமாக மேலே வந்து, வாயை மட்டும் வெளியே நீட்டித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மனித நிழல் பட்டாலே சிதறி ஓடுகிற மீன் அது. அன்றைக்குக் குனிந்து கையாலேயே அள்ளியிருக்கலாம். நான் தூண்டிலை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. வெயில் ஏறியதும் சில உள்ளே இறங்கிவிட்டன. மற்றவை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

பதினொரு மணிக்கு உங்கள் ஊழியர் வந்தார். அதற்குள் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும் ஏற்றம் வந்து படிகள் மூழ்கி, செத்த மீன்களும் மேல்பக்கமாக அடித்துக்கொண்டு போயிருந்தன. ஆறு பார்க்க அழகாகவே இருந்தது. பாட்டிலில் அள்ளினார், மூடினார், போனார். பலகை இன்னும் பச்சைதான். போன் செய்து கேட்டேன். "ரீடிங் எல்லாம் நார்மல் சார்" என்றார்கள். பொய் இல்லை, அந்த ரீடிங் நார்மலாகத்தான் இருந்திருக்கும். எனக்குத் தெரிய வேண்டியது, அது எத்தனை மணித் தண்ணீர் என்பதுதான்.

கடல் ஓதம் ஏறி இறங்கும் ஆற்றில் இந்தக் கேள்விதான் முதல் கேள்வி. ஓதம் எட்டாத ஆற்றில் விட்ட அழுக்கு கீழே போய்விடும், கீழே இருப்பவன் பாடு. இங்கே கடல் பின்வாங்கும் வற்றத்தில் போனது ஏற்றத்தில் வீடு திரும்புகிறது. மேலிருந்து நீர்வரத்து குறைந்த கோடையில் ஒரே அழுக்கு வாரக்கணக்கில் நகரத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் நடை போடும்.

லண்டன் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே திணறிய பிறகு, பொறியாளர் ஜோசப் பசல்ஜெட் பெரிய சாக்கடைக் குழாய்களைக் கட்டி, கழிவை நகரத்துக்குக் கிழக்கே கொண்டுபோய் வற்றத்தோடு கடலுக்குப் போகட்டும் என்று திறந்துவிட ஏற்பாடு செய்தார். நகரத்துக்கு அது விமோசனம். ஆனால் 1878இல் பிரின்சஸ் ஆலிஸ் என்ற உல்லாசக் கப்பல் அந்தக் கழிவு வாய்கள் இருந்த பக்கத்திலேயே மோதி மூழ்கியது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் விழுந்தது சற்றுமுன் திறந்துவிட்ட சாக்கடைக்குள். 1957இல் அந்த ஆற்றின் பெரும்பகுதி உயிரற்றது என்று அறிவித்தார்கள். அப்புறம் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்செய்ததும் மீன் திரும்பியது. 1974இல் ஒரு சால்மன் கிடைத்தபோது, ஏறக்குறைய 140 வருடங்களில் அது முதலாவது. ஆக, செத்த ஆறு பிழைக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, நேரத்துக்கு வருகிறேன். ஓதம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பது ஆற்றங்கரையில் எல்லோருக்கும் தெரியும். பதினான்கு நாள் தள்ளிப்போனால் என்ன ஆகும்? கிட்டத்தட்ட ஒரு முழு ஏற்ற வற்றச் சுற்று முடிந்து, பழைய இடத்துக்கே வந்துவிடும். நாற்பது நிமிட வித்தியாசம்தான் மிஞ்சும். உங்கள் ஊழியர் வருவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே கிழமை, அதே பதினொரு மணி. அதாவது ஒருமுறை ஏற்றத் தண்ணீரில் கை வைத்தால் அடுத்த மூன்று தடவையும் பெரும்பாலும் ஏற்றத் தண்ணீர்தான். கோடையின் இரண்டு மாதம் அதிலேயே போய்விடும். நீங்கள் அளப்பது பாதிக்கு மேல் கடல். யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை, காலண்டர் செய்த வேலை. ஆனால் முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போய்விட்டது.

பதினொரு மணியில் இன்னொரு கோளாறும் உண்டு. பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவெல்லாம் அதே பாசியும் சேற்றுக் கிருமிகளும் சேர்ந்து அதைத் தின்னும். அதனால் நீரில் கரைந்த ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருப்பது விடியலுக்குச் சற்று முன்னால். மீனுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நிம்மதி, 2க்குக் கீழே போனால் மூச்சுத் திணறல். 30 டிகிரி வெப்பத்தில் நல்ல தண்ணீரே ஏழரைக்கு மேல் பிடித்து வைக்காது, உப்பு கலந்தால் இன்னும் குறைவு. கோடையில் கைவசம் இருப்பதே அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு மழை வந்தால் கேட்கவே வேண்டாம். மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடும் பழைய நகரங்களில், குழாய் தாங்காதபோது மிச்சம் எல்லாம் ஆற்றுக்குத்தான். 2004 ஆகஸ்டில் தேம்ஸில் ஒரே இடிமழைக்கு ஆயிரக்கணக்கில் மீன் செத்தது. அப்படிப்பட்ட நேரங்களுக்கென்றே ஆற்றுக்கு ஆக்சிஜன் ஊட்டும் படகுகளை அங்கே வைத்திருந்தார்கள். நோயாளிக்கு மூக்கில் குழாய் மாட்டுவது மாதிரி. குழாய் தாங்காத அந்த மிச்சத்தைப் பிடிக்க லண்டனில் 25 கிலோமீட்டர் சுரங்கக் குழாய் தோண்டி, 2025இல்தான் முழுதாக இணைத்தார்கள்.

மீனை விடுங்கள் என்பீர்கள். எங்களில் துடுப்புப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். படகு கவிழ்ந்தால் ஒரு மடக்காவது உள்ளே போகும். 2024இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் படகுப் போட்டிக்கு முன்னால் தேம்ஸில் மலத்திலிருந்து வரும் ஈ.கோலை கிருமி அதிகம் என்று தெரிந்ததும், தண்ணீருக்குள் இறங்க வேண்டாம் என்று வீரர்களிடம் சொன்னார்கள். ஜெயித்தவர்கள் ஆற்றில் குதிக்கும் வழக்கத்துக்கே வேட்டு. குறைந்தபட்சம் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்ல ஆள் இருந்தது. எங்கள் பலகையில் இருக்கும் எண்ணும் ஈ.கோலைதான். உப்பு நீரில் அது சீக்கிரம் செத்துவிடும் என்பதால் கடல் கலந்த இடத்தில் என்டரோகாக்கை என்ற இன்னொரு குடல் கிருமியை எண்ணுகிறார்கள். அமெரிக்காவில் கடல்நீருக்கான வரம்பு 100 மில்லிக்குச் சராசரியாக 35. அதையும் எண்ணுங்கள். வளர்த்துப் பார்க்க ஒரு நாள் ஆகும், நேற்றைய தண்ணீருக்கான பதில்தான் இன்று கிடைக்கும் என்பது புரிகிறது. அதனால்தான் பெருமழை பெய்த அன்றே, முடிவுக்குக் காத்திருக்காமல், பலகையைச் சிவப்பாக்கச் சொல்கிறேன்.

இறங்கலாம் என்பதும் சாப்பிடலாம் என்பதும் வேறு வேறு. வாஷிங்டனில் ஓடும் அனகோஸ்டியாவும் ஓதம் ஏறும் ஆறுதான். அங்கே ஒரு கெளுத்தி இனத்தைப் பிடித்து ஆராய்ந்தபோது பாதிக்கு மேற்பட்டவற்றின் ஈரலில் கட்டி இருந்த காலம் உண்டு. எண்ணெய், புகைக்கரி எல்லாம் படிந்த சேற்றில் கிடக்கும் மீன் அது. மேல் தண்ணீர் தெளிந்தாலும் அடிச்சேறு பழைய கணக்கை வைத்திருக்கிறது. எங்கள் படித்துறையில் பிடிப்பதை வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் நிறையப் பேர். பிடித்ததைத் திரும்ப விட்டுவிடு என்று சொல்வது எனக்கு எளிது, எனக்கு இது பொழுதுபோக்கு. அவர்களுக்கு அன்றைய சாப்பாடு. எந்த மீனைத் தின்னலாம், எதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மீனின் படம் போட்டு ஒரு பலகை வையுங்கள். எழுத்து மட்டும் போதாது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளக்கிற நீங்கள் வற்றத்தையும் சேர்த்து அளக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். ஒரே நாளில் ஏற்றத்தில் ஒன்று, வற்றத்தில் ஒன்று, கோடையில் விடியலுக்கு முன் ஒன்று. பலகையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் தேதி, மணி, ஏற்றமா வற்றமா என்ற மூன்றும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், டெண்டர் வேண்டாம்.

என் கணக்குப்படி, அடுத்து உங்கள் ஊழியர் வர வேண்டிய நாளில் வற்றம் விடிகாலை ஐந்து மணிக்குச் சற்று முன்னால். அவரை அந்த நேரத்துக்கு அனுப்புங்கள். இருட்டில் பாசிப்படி வழுக்கும். டார்ச்சோடு மேல்படியில் நான் நிற்கிறேன்.

இப்படிக்கு,
பலகைக்குப் பக்கத்தில் தூண்டில் போடுகிறவன்