தரமணி மீட்டப்ல எனக்கு உதவுன அக்காவுக்கு

போன சனிக்கிழமை தரமணில நடந்த பைத்தான் ப்ரோக்ராமிங் மொழி மீட்டப்புக்கு மொத தடவையா தனியா போயிருந்தேன், யாரையும் தெரியாது, கடைசி வரிசைல உக்காந்து லேப்டாப்ப தொறந்தா உபுண்டுல (என் லேப்டாப்போட ஆபரேட்டிங் சிஸ்டம்) ஒரு பேக்கேஜ், அதாவது யாரோ எழுதி வச்ச ரெடிமேட் கோடு, ஏத்தலாம்னு பிப் இன்ஸ்டால் கமாண்ட் போட்டதும் செவப்பு கலர்ல பெரிய எரர். பக்கத்துல இருந்த அக்கா எட்டிப் பாத்துட்டு, "இரும்மா, ஒண்ணும் ஒடையல"ன்னு சொன்னாங்க. உபுண்டு 23.04ல இருந்தே அப்படித்தானாம், சிஸ்டத்தோட சொந்த டூல்ஸ் அதே பைத்தான நம்பி ஓடுறதால நம்ம பேக்கேஜ் போயி அத கெடுத்துரக்கூடாதுன்னுதான் தடுக்குது, அதனால ப்ராஜெக்ட்டுக்கு ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட், அதாவது சிஸ்டம் பைத்தான தொடாத தனி எடம், போட்டுக்கன்னாங்க. கீபோர்ட அவங்க தொடவே இல்ல, நோட்டுல ரெண்டு டப்பா வரஞ்சு காட்டிட்டு என்னையே டைப் பண்ண வச்சாங்க. அந்தப் பக்கத்த கிழிச்சு கைல குடுத்தாங்க, இன்னும் என் லேப்டாப் பைலதான் இருக்கு.

இதுக்காக அவங்க கேக்க வந்த பேச்சுல பாதி போச்சு. அதப்பத்தி ஒரு வார்த்தை சொல்லல. முடிஞ்சதும் திருவான்மியூர் பறக்கும் ரயில் ஸ்டேஷன் வரைக்கும் கூடவே வந்தாங்க, ரயில் வந்த அவசரத்துல பேரு கேக்க விட்டுப்போச்சு.

அக்கா, ரொம்ப ரொம்ப நன்றி. என் கோடு ஓடுது, அடுத்த மாசமும் வர்றேன், அதே கடைசி வரிசைலதான் உக்காருவேன்.