நீர் ஏறிய ஓடையில் கயாக் வாடகைக்குக் கொடுத்தது குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு

பொருள்: உங்கள் ஓடைக்கரைப் பூங்காவில் எச்சரிக்கை ஏதுமின்றிப் படகு வாடகைக்கு விட்டது, தடுப்பணைக்கு முன் அறிவிப்புப் பலகை இல்லாதது, பழுதான லைஃப் ஜாக்கெட் தந்தது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை என் அப்பா, கணவர், ஒன்பது வயது மகள் ஆகியோருடன் உங்கள் பூங்காவுக்கு வந்திருந்தேன். காலையில் கரையோரமாக நடை, அப்புறம் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு, அப்பாவுக்குத் தூண்டில் என்று மூன்றுக்கும் சேர்த்தே முன்பதிவு செய்திருந்தோம். அந்த ரசீதையும் நான் எடுத்த படங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அன்று யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதற்குக் காரணம் உங்கள் ஏற்பாடு அல்ல, கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த முகம் தெரியாத ஒரு பெரியவர். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் வந்தபோதே தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. சருகும் சுள்ளியும் நுரையும் மிதந்து வந்தன. படகுத்துறையின் கடைசிப் படி தண்ணீருக்குள் இருந்தது. ஓடையைக் கொஞ்சம் பார்த்துப் பழகிய யாருக்கும் இது என்ன என்று தெரியும். மேலே எங்கோ மழை கொட்டியிருக்கிறது, தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கலாம். வாடகைக் கவுண்டரில் இருந்த தம்பியிடம் இதைக் கேட்டேன். "நேத்து ராத்திரி மேல பெஞ்சிருக்கும் அக்கா, இங்க ஒண்ணும் ஆகாது, பயப்படாம போய்ட்டு வாங்க" என்றார். அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. தண்ணீர் இன்று எவ்வளவு இருக்கிறது, எந்த அளவுக்கு மேல் போனால் படகை நிறுத்த வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்திருந்தாலும் அளந்து பார்க்க அங்கே ஒரு அளவுக் கம்பம்கூட இல்லை.

சின்ன ஓடைதானே என்று உங்கள் நிறுவனம் நினைக்கிறது போலிருக்கிறது. சின்ன ஓடைதான் சீக்கிரம் ஏறும். பெரிய ஆற்றில் வெள்ளம் வந்து சேர நேரம் பிடிக்கும், தகவலும் முன்கூட்டியே வந்துவிடும். சின்ன ஓடைக்கு நீர் சேரும் பரப்பு குறைவு என்பதால் மழை பெய்த கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் வந்து நிற்கும். பூங்காவுக்கு மேலே வெயில் அடிக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. இன்னொன்றும் உண்டு. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது படகைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஒரு வாரம் முன்பு குழந்தைகள் விளையாடிய அதே வளைவு அடுத்த வாரம் பெரியவர்களையே இழுத்துப் போகும்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். கணவரும் மகளும் இரட்டை இருக்கைக் கயாக்கில், நான் தனிக் கயாக்கில். முதல் வளைவு தாண்டியதும் ஒரு மரம் வேரோடு சாய்ந்து பாதி ஓடையை மறித்துக் கிடந்தது. தண்ணீர் கிளைகளுக்கு நடுவே புகுந்து போய்விடும், படகும் ஆளும் சல்லடையில் சிக்கியது போல அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். கயாக் ஓட்டுகிறவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். அது அன்று காலை விழுந்த மரமாகவும் தெரியவில்லை, கிளைகளில் இலைகள் காய்ந்து சுருண்டிருந்தன. நாங்கள் எதிர்க்கரையை ஒட்டித் துடுப்புப் போட்டுத் தப்பித்தோம்.

அதைத் தாண்டியதும் ஓடை அமைதியாகிவிட்டது. அலையே இல்லை. எதிரே தண்ணீர் ஒரு நேர்கோடாக முடிகிற மாதிரி தெரிந்தது, அதற்கு அப்பால் மரங்களின் மேல்பாதி மட்டும். கணவர் அந்தப் பக்கமாகவே போய்க்கொண்டிருந்தார். அப்போதுதான் கரையிலிருந்து அந்தப் பெரியவர் எழுந்து நின்று கத்தினார்: "தம்பி, அங்க போகாத! தடுப்பணை இருக்கு! கரைக்கு வா, கரைக்கு வா!" மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். கணவர் துடுப்பை ஊன்றித் திருப்பி, கரையோரக் கோரைப்புல்லைக் கையால் பிடித்துப் படகை நிறுத்தினார். கோரை அறுத்து அவர் உள்ளங்கையில் ரத்தம். அங்கிருந்து பார்த்தபோதுதான் கீழே தண்ணீர் விழும் சத்தமே எங்களுக்குக் கேட்டது.

அந்தத் தடுப்பணை ஆள் உயரம்கூட இருக்காது. மேலே இருந்து வருகிறவருக்கு அது தெரியவே தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து. வழிந்து விழும் தண்ணீர் அடியில் போய்ச் சுருண்டு, மேற்பரப்பில் சுவரை நோக்கித் திரும்பி வருகிறது. அதில் விழுந்த மரக்கட்டையைப் பார்த்திருப்பீர்கள், வெளியே போகாமல் அங்கேயே உருண்டுகொண்டிருக்கும். மனிதரையும் அப்படித்தான் பிடித்து வைக்கும். போதாததற்கு அந்தத் தண்ணீரில் காற்று கலந்து நுரைத்திருப்பதால் மிதப்பும் குறையும், லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் முழுதாகக் காப்பாற்றாது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும், காப்பாற்றக் குதித்தவர்களும் இப்படிப்பட்ட தாழ்ந்த அணைகளில் உயிரிழந்திருக்கிறார்கள். படகு விளையாட்டை நடத்தும் ஒரு நிறுவனத்துக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

இவ்வளவு ஆபத்தான இடத்துக்கு முன்னால் ஒரு பலகை இல்லை. கயிற்றில் கட்டிய மிதவைகள் இல்லை. இறங்கிக்கொள்ள ஒரு துறை இல்லை. கவுண்டர் பக்கத்தில் இருக்கும் வரைபடத்தைத் திரும்பி வந்ததும் போய்ப் பார்த்தேன். வெயிலில் வெளுத்துப்போன அந்தப் படத்தில் தடுப்பணை இருக்கும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று இருக்கிறது, பெயர்கூட எழுதவில்லை. ஓடையின் நீல நிறம் அந்தக் கோட்டைத் தாண்டியும் அப்படியே தொடர்கிறது. பார்க்கிறவர் நேராகப் போகலாம் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மகளுக்குக் கொடுத்த ஜாக்கெட்டின் இடுப்புக் கொக்கி உடைந்து, அதற்குப் பதிலாக நைலான் கயிறு முடிந்திருந்தது. வேறு கேட்டேன். அடுத்துக் கொடுத்ததில் கொக்கி இருந்தது, ஆனால் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் ஜாக்கெட் அவள் காதுவரை ஏறியது. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே போகும், பிள்ளை கீழே போவாள். குழந்தைகள் ஜாக்கெட்டில் கால்களுக்கு நடுவே ஒரு பட்டை இருப்பது இதைத் தடுக்கத்தான். அந்தப் பட்டை உள்ள ஜாக்கெட் உங்களிடம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் நாங்கள் வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்ததையே அவளுக்குப் போட்டோம். அப்படிக் கொண்டு வராத குடும்பங்கள் என்ன செய்திருக்கும்?

உள்ளே தைத்திருக்கும் சீட்டில் எத்தனை கிலோ எடை உள்ளவருக்கு, எத்தனை நியூட்டன் (விசையின் அளவு) மிதப்பு என்று அச்சிட்டிருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட்டுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 12402இல் பெரியவர்களுக்கு 50 நியூட்டன் என்பது நீந்தத் தெரிந்தவர்களுக்கான மிதப்பு உதவி மட்டுமே. 100 நியூட்டன் முதல்தான் முகத்தை மேலே திருப்பும் வகையில் வடிவமைக்கப்பட்ட லைஃப் ஜாக்கெட். உங்கள் கவுண்டரில் தொங்கியவற்றில் ஒன்று அந்தச் சீட்டே இல்லை, அல்லது அதில் எழுத்து முழுக்க அழிந்திருந்தது. பஞ்சு அமுங்கி அட்டை மாதிரி ஆகிவிட்டவையும் இருந்தன. நீந்தத் தெரியுமா என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

படகுகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தே திரும்பினோம். அந்தக் கரைப்பாதையும் பாதியில் சரிந்து கிடக்கிறது. கரையில் இருந்த மரங்களை வெட்டிவிட்டு அங்கே நின்று வேடிக்கை பார்க்க மேடை போட்டிருக்கிறீர்கள். கரை மண்ணைப் பிடித்து வைத்திருப்பதே வேர்தான், அதை எடுத்தால் அடுத்த வெள்ளத்தில் மண் போகும், போயிருக்கிறது. மேடையின் ஒரு தூண் இப்போது அந்தரத்தில் நிற்கிறது. நாடா கட்டி மறித்திருந்தால்கூடப் போதும், அதுவும் இல்லை.

கவுண்டருக்கு வந்து சேர்ந்தபோது நாங்கள் சொன்ன நேரத்தைத் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. யாரும் தேடவில்லை. தேடியிருக்கவும் முடியாது. உங்கள் பதிவேட்டைப் பார்த்தேன்: பெயர், தொலைபேசி எண், படகு எண், கிளம்பிய நேரம் என்று நான்கு கட்டங்கள். திரும்பிய நேரத்துக்குக் கட்டமே இல்லை. தண்ணீரில் யார் இருக்கிறார்கள், யார் கரையேறினார்கள் என்று மாலையில் அந்தத் தம்பிக்கு எப்படித் தெரியும்? என் கணவரின் கையில் கட்டுப்போட முதலுதவிப் பெட்டி கேட்டதற்கு, அலுவலகம் பூட்டியிருக்கிறது என்றார்.

அப்பாவின் தூண்டிலுக்கு வருகிறேன். வாழ்நாள் முழுக்கத் தூண்டில் போட்டவர் அவர், மீனைப் பிடித்தாலும் பெரும்பாலும் விட்டுவிடுவார். உங்கள் விளம்பரத்தில் 'பிடித்து விடுவது மட்டுமே' என்று போட்டிருந்ததைப் பார்த்துத்தான் ஆசையாக வந்தார். ஆனால் உங்கள் கடையில் விற்பது எதிர்முள் (பின்னோக்கி நீட்டிய சிறு கூர்) வைத்த மூன்று கொக்கித் தூண்டில்முள். அதைக் கழற்றினால் மீனின் வாய் கிழியும். எதிர்முள் இல்லாத ஒற்றை முள் கேட்டதற்கு அப்படி ஒன்று இருப்பதே கடையில் இருந்தவருக்குத் தெரியவில்லை. பிடித்த மீனை வெயிலில் சூடாகிக் கிடந்த ஆழமில்லாத தொட்டியில் போட்டுப் படம் எடுக்க வைத்திருந்தார்கள். தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் இருக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். போராடிக் களைத்த மீனுக்கு அப்போதுதான் அதிகம் தேவை. அந்தத் தொட்டியில் மீன்கள் வாயைத் திறந்து மேலே வந்து திணறிக்கொண்டிருந்தன. விடுவது என்றால் உயிரோடு விட வேண்டும். கையை நனைத்துக்கொண்டு பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலிருக்கும் வழவழப்புப் படலம் போய்ப் புண்ணாகும். இதையெல்லாம் ஒரு பலகையில் எழுதி வைப்பது பெரிய காரியமா?

தூண்டில் போடுவதற்கென்று தனி இடமும் கிடையாது. படகுத்துறையின் இரண்டு பக்கமும் ஆட்கள், நடுவில் கயாக் வந்து போகிறது. என் முகத்துக்கு நேரே ஒரு தூண்டில் நரம்பு இழுபட்டு நின்றதை மகள்தான் பார்த்துச் சொன்னாள். கரைப் புதரெல்லாம் அறுந்த நரம்பு. அப்பா உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்துக் கிளையில் ஒரு நீர்க்காகம் கால் சிக்கித் தொங்கியது. அவர் கத்தியால் அறுத்து விடுவித்தார், ஆனால் அதன் கால் விரல்கள் ஏற்கெனவே கறுத்துவிட்டிருந்தன. நரம்பைப் போடுவதற்கு ஒரு குப்பைத்தொட்டி இல்லாத இடத்தில், தூண்டிலுக்கு எடையாகக் கட்டும் ஈயக்குண்டை மட்டும் பொட்டலம் பொட்டலமாக விற்கிறீர்கள். நீர்ப்பறவைகள் சின்னக் கற்களோடு சேர்த்து ஈயத்தையும் விழுங்கிவிடும், அது உடலில் ஏறி விஷமாகும். அன்னங்கள் இப்படிச் சாவதைக் கண்டு பிரிட்டன் 1987லேயே பெரும்பாலான ஈயக்குண்டுகளின் விற்பனையை நிறுத்திவிட்டது. மாற்று எடைகள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன.

மறுநாள் உங்கள் சேவை எண்ணுக்குப் பேசினேன். "இயற்கையான இடம் மேடம், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும்" என்றார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓடை ஏறும், இறங்கும், மரம் விழும். அதற்காக உங்கள் மேல் நான் வருத்தப்படவில்லை. ஓடையில் இன்று என்ன இருக்கிறது என்று பார்த்து, வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது காசு வாங்குகிறவர்களின் வேலை. பலகை வைப்பதும், கட்டம் போட்டுப் பதிவேடு எழுதுவதும், மரம் கிடந்தால் படகை நிறுத்துவதும் இயற்கையைக் கெடுக்கும் செயல்கள் அல்ல.

நான் கேட்பது இதுதான். படகுத்துறையில் நீர்மட்ட அளவுக் கம்பம் நட்டு, எந்தக் கோட்டைத் தாண்டினால் வாடகை கிடையாது என்று அதிலேயே சிவப்பில் குறியுங்கள். தினமும் காலையில் ஒருவர் ஓடை முழுவதையும் பார்த்து வந்த பிறகே முதல் படகு இறங்கட்டும். தடுப்பணைக்கு வெகு முன்பே, தண்ணீரிலிருந்து படிக்கும்படி பெரிய எழுத்தில் பலகையும், இறங்கிக்கொள்ள ஒரு துறையும் வேண்டும். இது நடக்கும்வரை கீழ்ப்பக்கமாகப் படகு விடுவதை நிறுத்துங்கள், இதில் தாமதம் கூடாது. பழைய ஜாக்கெட்டுகளைக் கழித்துவிட்டு எடைவாரியாகப் புதியவை வாங்குங்கள். தூண்டில் போடுகிறவர்களுக்குப் படகுத்துறையிலிருந்து தள்ளி இடம் ஒதுக்குங்கள், அந்த மீன் தொட்டியை எடுத்துவிடுங்கள்.

படகுக்கும் தூண்டிலுக்கும் நாங்கள் செலுத்திய முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். பரிசுக் கூப்பனோ அடுத்த முறைக்கான தள்ளுபடியோ வேண்டாம். மேலே சொன்னவற்றில் எது எப்போது செய்யப்படும் என்று தேதி குறிப்பிட்டு இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், அல்லது தடுப்பணைப் பக்கம் படகு போவது தொடர்ந்தால், இதே கடிதத்தையும் படங்களையும் பூங்காவுக்கு அனுமதி வழங்கிய அதிகாரிகளிடமும் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடமும் கொடுப்பேன்.

இன்னொரு வேண்டுகோள். எங்களைக் கூப்பிட்டு நிறுத்திய அந்தப் பெரியவர் அடிக்கடி அங்கே வருகிறவர் என்று கவுண்டர் தம்பி சொன்னார். பலகை எங்கே வைக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த மழைக்கு எந்த இடத்தில் தண்ணீர் எப்படித் திரும்பும் என்பது அவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: முன்பதிவு ரசீது, தடுப்பணை, சாய்ந்த மரம், லைஃப் ஜாக்கெட், பதிவேட்டுப் பக்கம், சரிந்த பாதை ஆகியவற்றின் படங்கள்.