மேற்பிரிவு குடிநீர்ச் சங்கம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, மழையையும் பாராமல் வந்திருக்கும் அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தைப்பொங்கலுக்கு முன்பு தாங்கி கழுவப்பட்டது. மாரியம்மன் திருவிழா நாட்களில் கோவிலுக்குத் தடையின்றித் தண்ணீர் கொடுத்தோம். ஊற்றைச் சுற்றி வேலி புதுப்பிக்கப்பட்டது. கூட்டங்கள் விதிப்படி கூட்டப்பட்டன. சில கூட்டங்கள் போதிய வருகையின்றி ஒத்திவைக்கப்பட்டன.

மண்ணில் புதைந்த குழாய் வால்வுகளைக் கண்டுபிடிக்க மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கும் விடயத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊற்றிலிருந்து தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு வரும் பிரதான குழாய் வெள்ளைக்காரத் துரைமார் காலத்து இரும்புக் குழாய். 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. இப்படிக் கைமாறிக் கைமாறி, வால்வு எங்கே, வளைவு எங்கே என்று காட்டும் வரைபடம் நம்மிடம் வந்து சேரவில்லை. பாதை தெரிந்த பெரியவர்களும் ஒவ்வொருவராகக் காலமாகிவிட்டார்கள். நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு இறங்கிய மண், தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணைக்குக் கீழே இருந்த வால்வு மூடிகளையும் மூடிவிட்டது. மேல் லயத்தில் ஒரு குழாய் உடைந்தாலும் முழுப் பிரிவுக்கும் தண்ணீரை நிறுத்த வேண்டிய நிலைமை அப்படித்தான் வந்தது.

சங்கத்திடம் ஏற்கெனவே ஒரு சிறிய கருவி உண்டு. அதை அன்பளிப்பாகத் தந்தவருக்கு இன்றும் நன்றி உடையவர்களாக இருக்கிறோம். ஆனால் நமது செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகம்; கருவியை வைத்த இடமெல்லாம் மண்ணே சத்தம் கொடுக்கிறது. அந்தச் சத்தத்தைக் கழித்துவிட்டு உலோகத்தை மட்டும் காட்டும் வசதி அதில் இல்லை. அதை நம்பி இளைஞர்கள் வெட்டிய குழிகளில் கிடைத்தவை மீன் டின், உடைந்த கவ்வாத்துக் கத்தி, கூரைத் தகரத் துண்டு. அவர்கள் மனம் சோர்ந்து போனதில் வியப்பில்லை.

டிசம்பரில் பண்டாரவளையிலிருந்து ஒப்பந்தக்காரர் ஒருவர் தமது பெரிய கருவியை ஒரு நாள் இரவல் கொடுத்தார். தவறணைக்கு அருகே வடிகானோரத்தில் அதன் அகன்ற வளையத்தைத் தரையோடு மெதுவாக நகர்த்தியபோது, ஒலி விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக நீண்டது. ஒலி தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் குச்சி நட்டு, நடுவில் அலவாங்கால் குத்தினோம். முழங்கால் ஆழத்தில் இரும்பு தட்டுப்பட்டது. சேற்றை அள்ளி மூடியைத் தூக்கினால், உள்ளே வால்வு துருவேறிக் கிடந்தது; எண்ணெய் விட்டதும் திரும்பிவிட்டது. மேல் லயத்தை மட்டும் அடைத்துவிட்டு, கீழ் லயத்துக்கு அன்று மாலையே தண்ணீர் விட்டோம். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்தச் சபையிலும் இருக்கிறார்கள்.

இதன் பிறகே விலை விசாரித்தோம். கடைகளில் உள்ள பல கருவிகள் காசும் நகையும் தேடுவோருக்காகச் செய்யப்பட்டவை. இரும்பை ஒதுக்கிவிடும் ஏற்பாடு அவற்றில் உண்டு. நமக்கு வேண்டியது இரும்புதான் என்பதால் அந்த வசதிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. குழாயிலேயே சமிக்ஞையைச் செலுத்தி அதன் வழியைத் தொடரும் கருவி மிகச் சிறந்தது. அதன் விலை நமக்கு எட்டாது. மண்ணுக்கு ஏற்பச் சரிசெய்யும் வசதியும் அகன்ற வளையமும் கொண்ட நடுத்தரக் கருவியே நமக்குப் பொருந்தும் என்பது எனது உறுதியான கருத்து. அகன்ற வளையம் ஆழத்தில் உள்ள மூடியைப் பிடிக்கும். சிறு ஆணிகளுக்கு அவ்வளவாகச் சத்தமிடாது. புதிதாகப் போட்ட பிவிசி குழாயை எந்த மெட்டல் டிடெக்டரும் காட்டாது. ஆகவே இனிமேல் போடும் ஒவ்வொரு வளைவிலும் வால்விலும் ஓரடி ஆழத்தில் ஒரு இரும்புத் தட்டைப் புதைக்க வேண்டும் என்று குழு தீர்மானித்திருக்கிறது.

செயலாளர் புதையல் தேடத்தான் மெசின் கேட்கிறார் என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேசப்பட்டது என் காதுக்கும் வந்தது. மனம் வருந்தியது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இரவல் கருவியை எடுப்பதற்கு முன்பே கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸுக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் எழுத்தில் அறிவித்தேன். பிரதிகள் கோப்பில் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம். இப்படிப் பேசியவர்களில் பலர் சிரமதானத்துக்கு வரவில்லை, சந்தாவும் கட்டவில்லை. மண் அள்ளிய அன்று மண்வெட்டியுடன் வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், கொழுந்து எடுத்துவிட்டு நேரே வந்தவர்கள். அவர்களுக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

வரவு செலவு பொருளாளரின் அறிக்கையில் விபரமாக உண்டு. சுருக்கமாக, கிடைத்த பணத்தில் பெரும்பகுதி குழாய்ப் பொருத்துகளுக்கும் புயலுக்குப் பின்னரான அவசர வேலைக்கும் போய்விட்டது, கையிருப்பு சொற்பம். நிலுவைச் சந்தா முழுவதும் வந்தால், கருவியின் விலையில் பெரும்பங்கு கடனின்றிக் கைக்கு வந்துவிடும்.

தோட்ட நிர்வாகத்துக்கும், கோவில் பரிபாலன சபைக்கும், கருவி தந்துதவிய ஒப்பந்தக்காரருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டுச் செயலாளர் பொறுப்பை ஏற்க யாரேனும் முன்வந்தால் கோப்புகளை இன்றே ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். நானே தொடர வேண்டும் என்று சபை விரும்பினால், கருவி வாங்கும் தீர்மானத்தை இன்று நிறைவேற்றித் தர வேண்டும். நிலுவையில் உள்ள வீடுகள் பங்குனி முடிவதற்குள் கணக்கைத் தீர்க்க வேண்டும். தவணையாகக் கட்டவும் குழு இணங்கியிருக்கிறது. பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் வாசலுக்கருகே அமர்ந்திருக்கிறார்.